தன் வாயால் சொன்னால் மட்டும்

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். குறையாகச் சொல்லவில்லை. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு காபி வேண்டாம், டீ போதும் என்கிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைக்காரருக்கும் கை பழகியிருக்காது.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். நடுவில் அழுது உங்கள் நேரத்தைக் கெடுக்கமாட்டேன். அழ வேண்டியதையெல்லாம் ஊரார் முன்னால் அழுது முடித்தாயிற்று. அதிலும் எனக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது.

என் பெயர் எழில்மொழி. மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளர். என்ன வேலை என்று எங்கள் ஊரில் யாருக்கும் இதுவரை புரியவைக்க முடிந்ததில்லை. உங்களிடம் முயன்று பார்க்கிறேன்.

எங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்தால் பொன்னி என்று ஒரு குரல் பேசும். அது பெண் இல்லை, ஏஐ. தமிழ் நன்றாகப் பேசும், பொறுமையாகக் கேட்கும். வாய் இருக்கிறதே தவிர அதற்குக் கை கிடையாது. நாங்கள் கொடுக்கிற கருவிகள்தான் அதற்குக் கை. டாக்டரைப் பார்க்க நேரம் குறிப்பதற்கு ஒரு கருவி, ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதற்கு ஒன்று, நர்ஸிடம் லைனைக் கொடுப்பதற்கு ஒன்று, ஆம்புலன்ஸ் அனுப்புவதற்கு ஒன்று. ஒவ்வொரு கருவியோடும் நாலைந்து வரியில் விளக்கம் எழுதி வைக்க வேண்டும். இது என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடக் கூடாது. அந்தக் கருவியைப் பற்றிப் பொன்னிக்குத் தெரிந்தது அந்த நாலைந்து வரிதான். அந்த வரிகளை எழுதுவது என் வேலை.

சின்ன வேலை என்று தோன்றும். புதிதாக வந்த ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது மாதிரிதான். ஆனால் புது ஆள் நம் முகத்தைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார், புரியாவிட்டால் திருப்பிக் கேட்பார். இது கேட்காது. எழுதியது எழுதியபடி நடக்கும். எழுதாமல் விட்டது நடக்காது.

முதலில் ஆம்புலன்ஸ் கருவிக்கு யாரோ ஒரு புண்ணியவான் 'நோயாளிக்கு வண்டி அனுப்பும்' என்று ஒற்றை வரி எழுதி வைத்திருந்தார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்திருந்த குடும்பம் ஒன்று போன் செய்தது. பெரியவருக்கு முட்டி வலி, சன்னதித் தெருவிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் ஏதாவது வண்டி கிடைக்குமா, சக்கர நாற்காலி வாடகைக்குத் தருவீர்களா என்று விசாரித்தார்கள். பொன்னி மயிலாடுதுறைக் கிளையில் நின்ற ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டது. மாலையும் கழுத்துமாக நின்ற தம்பதிக்கு முன்னால் சைரன் அலறிக்கொண்டு வந்து நின்றது. ஆயுசு கேட்டு வந்த இடத்தில் ஆம்புலன்ஸா என்று அந்த அம்மாள் மயங்கி விழுந்தார். கடைசியில் அவரை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நிர்வாக அலுவலர் பஞ்சநதம் என்னைக் கூப்பிட்டார். "எழில், மானம் போவுது. நல்லா டைட்டா எழுதிடும்மா" என்றார். நான் எழுதினேன். உங்கள் கையில் இருக்கும் தாளில் அதுதான் இருக்கிறது. நான் பார்க்காமலே சொல்வேன். 'அழைப்பவர் அவசரம் என்றோ, உயிருக்கு ஆபத்து என்றோ, ஆம்புலன்ஸ் வேண்டும் என்றோ தன் வாயால் சொன்னால் மட்டும் இந்தக் கருவியைப் பயன்படுத்து. நீயாக ஊகிக்காதே. சந்தேகமாக இருந்தால் அவசர உதவி வேண்டுமா என்று ஒரு முறை கேள். வேண்டாம் என்றால் அடுத்த நாளுக்கு நேரம் குறித்துக் கொடு.'

இதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது. அதற்குப் பிறகு வண்டி ஒரு தடவைகூட வீணாகப் போகவில்லை. பஞ்சநதம் சார் கூட்டத்தில் எழுந்து என்னைப் பாராட்டினார். அன்றைக்கு எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, சார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பாபநாசம் பக்கத்திலிருந்து மெஹராஜ் பேகம் என்று ஒரு அம்மா போன் செய்தார். அந்தப் பதிவை நானே கேட்டேன். "லேசா நெஞ்சக் கரிக்குதும்மா. வேர்த்து வேர்த்துக் கொட்டுது. வேற ஒண்ணுமில்ல. டாக்டரு எப்ப இருப்பாரு?" என்றார். பொன்னி அவசர உதவி வேண்டுமா என்று கேட்டது. "சேச்சே, அதெல்லாம் எதுக்கும்மா, இவங்க கடையிலேர்ந்து வந்துடட்டும்" என்றார். பொன்னி மறுநாள் காலைக்கு நேரம் குறித்துக் கொடுத்தது. "அல்லா உங்களுக்கு பரக்கத் குடுக்கட்டும்" என்று அதை வாழ்த்திவிட்டு வைத்தார். மறுநாள் அவர் வரவில்லை. அவரை அடக்கம் செய்துவிட்டு அவருடைய கணவர் கலந்தர்தான் வந்தார்.

வந்த மனிதர் கத்தவில்லை, கண்ணாடியை உடைக்கவில்லை. மளிகைக்கடை வைத்திருப்பவர், கணக்குக் கேட்கிற மாதிரி நின்று கேட்டார். "என்னம்மா பேசுனா?" என்றார். பதிவைப் போட்டுக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார். "அவ வாயில அவசரம்னு எப்படிம்மா வரும்? புள்ள பெத்துக்கும்போதே சத்தம் போடாதவம்மா அவ" என்றார். அவர் பாட்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் கீழே வேலை பார்க்கும் ஜெக்கரியா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு வந்தார். 'இந்தப் பக்கத்து மக்கள், அதிலும் பெண்கள், அவசரம் என்று சொல்லமாட்டார்கள். லேசாகக் கரிக்கிறது, ஒரு மாதிரியாக வருகிறது, படபடப்பாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நெஞ்சு, மூச்சு, வியர்வை இவற்றில் எதைச் சொன்னாலும் அவசரம் என்றே எடுத்துக்கொள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னாலும் லைனை நர்ஸிடம் கொடு. வண்டி தயாராக நிற்கட்டும்.' நான் எழுதியதைவிட நல்ல விளக்கம். ஜெக்கரியா கடலோரத்துக்காரர். அவருடைய அம்மாவும் அப்படித்தான் பேசுவாராம்.

திருத்தம் நடைமுறைக்கு வர என் ஒப்புதல் வேண்டும். திரையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தியிருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் என் அக்காவை டாக்டரிடம் காட்ட அழைத்து வந்திருந்தேன்.

அக்கா பெயர் அம்சம். நல்லவள், சார். அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவளிடம் இருந்த குறை. அம்மா இறந்தபோது நான் பால்குடி. அவள் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த பெண். அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. அவள்தான் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னை ஆளாக்கினாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், தங்கச்சி படிப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினாள். என் படிப்பு முடிந்தபோது பெண் பார்க்க வர ஆள் இல்லை. அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்தவள் இல்லை. சுளித்திருக்கலாம்.

நான் முதல் வகுப்பில் தேறியபோது அம்சம் படிக்க வைத்தாள் என்றார்கள். வேலை கிடைத்தது, அம்சத்தின் உழைப்பு என்றார்கள். வீடு கட்டினேன், அம்சம் கையால் வளர்ந்த பிள்ளை அல்லவா என்றார்கள். என் கல்யாணத்தில் என்னைவிட அவளைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். என் கணவர் சேரன் இன்றைக்கும் அவளைத் தெய்வம் என்பார். தெய்வத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட முடியுமா? கண் விழித்துப் படித்தது நான். என் பெயரில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாம் அவள் பெயரில் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, சார். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

திருப்பிச் செய்யலாம் என்றால் அதற்கும் விடமாட்டாள். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன், பக்கத்து வீட்டு மலர்க்கொடி மகளின் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டாள். மிக்ஸி பெட்டி பிரிக்காமல் பரணில் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் தரையில்தான் உட்காருவாள். கருக்கரிவாள் பட்டு விரல் தொங்கியபோதுகூடத் துணியைச் சுற்றிக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, லேசா கீறிடுச்சு" என்றவள். எது கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

என் அக்கா வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஒரு தடவை, எனக்கு இது வேணும் எழிலு என்று என்னிடம் கேட்டிருந்தால் போதும். செய்து கொடுத்துவிட்டு நானும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பேன். கொடுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு, வாங்கிக்கொள்கிறவர்களின் கழுத்து வலி தெரிவதில்லை.

டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, மாத்திரை சாப்பிடட்டும், தை அறுவடை முடிந்ததும் அழைத்து வாருங்கள், அதற்குள் நெஞ்சில் ஏதாவது செய்தால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார். சரி சார் என்றேன். வெளியே பெஞ்சில் அக்கா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னடா சொன்னாரு?" என்றாள். "வாயுக் கோளாறுக்கா. மாத்திரை குடுத்திருக்காரு" என்றேன். அவள் பயந்துவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

பஸ் ஏற்றிவிடுவதற்கு முன்னால் அவளுடைய போனை வாங்கிப் பொன்னியின் எண்ணைப் பதிந்து கொடுத்தேன். "ஒடம்புக்கு ஏதாச்சும்னா இதுல பேசுக்கா. உடனே பாத்துப்பாங்க" என்றேன். "நீ எழுதுன பொண்ணா இது?" என்று கேட்டு அவ்வளவு பெருமைப்பட்டாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் அதைச் சொல்லியிருப்பாள்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்தேன். ஜெக்கரியாவின் திருத்தம் திரையில் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை படித்தேன். லேசாகக் கரிக்கிறது, ஒரு மாதிரியாக வருகிறது. என் அக்காவின் குரலை யாரோ உட்கார்ந்து எழுதியது மாதிரி இருந்தது. பொத்தானை அழுத்தாமல் திரையை மூடினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணத்தைச் சொல்கிறேன். வண்டி தயாராக நிற்கிறது, டாக்டர் இருக்கிறார், பணத்துக்கும் குறைவில்லை. அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான், வாயைத் திறந்து கேட்பது. உலகத்தில் எல்லாரும் கேட்கிறார்கள், சார். கேட்பது ஒன்றும் கேவலம் இல்லை. கேட்டால் பிழைத்துக்கொள்வாள். கேட்காமல் வீம்பாக இருந்தால் அது அவளுடைய முடிவு. இது நியாயமாகத்தான் பட்டது. ஒரு மனுஷியைக் கேட்க வைப்பது எப்படிக் குற்றமாகும்?

ஜெக்கரியா இரண்டு மூன்று தடவை ஞாபகப்படுத்தினார். சோதித்துப் பார்க்க வேண்டும், மறுபடியும் திருக்கடையூர் மாதிரி ஆகிவிடும் என்றேன். நல்ல பையன், பொறுப்பாளர் சொன்னால் நம்பிவிடுவார். குறுவை முடிந்து சம்பா நடவும் ஆனது. இடையில் இன்னும் சிலர் கரிக்கிறது, வேர்க்கிறது என்று போன் செய்திருப்பார்கள். அவர்கள் யார் யார் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் பதிவுகளைக் கேட்பதை நிறுத்தியிருந்தேன். அக்காவுக்கென்று தனியாக ஒரு விளக்கம் எழுத முடியாது, சார். பொன்னிக்கு எல்லாரும் ஒன்றுதான். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களும் கேட்டிருக்கலாம்.

தை பிறந்து அறுவடை தொடங்கியது. ஊருக்குள் மெஷின் இறங்கிய நாள். ஆணும் பெண்ணும் களத்துக்குப் போய்விட்டார்கள், தெருவில் ஈ காக்கை இல்லை. நண்பகலில் அக்கா பொன்னிக்குப் பேசியிருக்கிறாள். நீங்கள் அந்தப் பதிவைக் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன்.

"நான் அம்சம் பேசுறம்மா. எழில்மொழியோட அக்கா. நல்லா இருக்கியா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். பொன்னி நன்றி சொல்லிவிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்கிறது. "நெஞ்சுல லேசா என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு. கையி கடுக்குது. வைக்கோல் கட்டு தூக்குனதுல புடிச்சிருக்கும்" என்கிறாள். மூச்சு வாங்குவது நன்றாகக் கேட்கிறது. அவசர உதவி வேண்டுமா என்று பொன்னி கேட்கிறது. "வேண்டாம்மா. என்னைவிட முடியாதவங்க இருப்பாங்க, அவங்களுக்கு அனுப்புங்க. நான் நாளைக்கு வாரேன்" என்கிறாள். பொன்னி காலை பத்து மணிக்கு நேரம் குறிக்கிறது. நான் எழுதியிருந்ததில் ஒரு வார்த்தைகூட அது தவறவில்லை.

பொழுது சாயும்போது மலர்க்கொடி போய்ப் பார்த்திருக்கிறாள். அடுப்படியில் சாய்ந்தபடி கிடந்தாளாம். இழவு வீட்டில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். யாரையும் சிரமப்படுத்தாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். செத்த பிறகும் அவளுக்குத்தான் புகழ். என்னைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள்கூட, உன்னை இப்படிக் கரை சேர்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்றார்கள்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்புவதற்குள் ஜெக்கரியா பதிவைக் கேட்டுவிட்டார். திருத்தம் யாரிடம் நின்றது என்று அவருக்குத் தெரியும். உங்களிடம் வந்து சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சரியாகத்தான் செய்தார்.

நீங்கள் அலட்சியம் என்று எழுதப் பார்க்கிறீர்கள். பஞ்சநதம் சாரும் அப்படித்தான் சொல்லச் சொன்னார், வேலைப் பளுவில் விட்டுப்போயிற்று என்று. வக்கீலும் அதையே சொல்வார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மறந்து விடவில்லை, தெரிந்தேதான் விட்டேன். அந்த வரி அவளுக்காகத்தான் நின்றது. அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் விட்டேன். இதுவரை சொன்னது எல்லாம் உண்மை. ஒன்றைத் தவிர.

அக்காவின் போனில் பொன்னிக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு அழைப்பு இருக்கும். தங்கச்சிதானே, வழக்கமாகப் பேசுவதுதானே என்று நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். நான் முதல் மணியிலேயே எடுத்தேன். எனக்கு அப்போது அவசர வேலை எதுவும் இல்லை. என் இருக்கைக்கு நேர் எதிர் ஜன்னல். கீழே ஆம்புலன்ஸ் நின்றது. டிரைவர் இளையபெருமாள் நிழலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழிலு, என்னால முடியலடி" என்றாள் அக்கா. "பயமா இருக்கு. யாரும் இல்ல. ஒரு வண்டி எடுத்துக்கிட்டு வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போடி."

"பொன்னிக்குப் போட்டுச் சொல்லுக்கா" என்றேன் நான். "அது பாத்துக்கும்."

"நீ வரமாட்டியா?" என்றாள்.

"அதுக்கிட்ட சொல்லுக்கா" என்றேன்.

"சரிடா. நீ வேலையப் பாரு" என்று வைத்தாள். வெளியாள் குரலைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், சார். என்னிடம் மட்டும்தான் கேட்டாள். தன் வாயால் கேட்டாள். நான் அனுப்பவில்லை.